மெசின் சிகிச்சை: பயமும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம்

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நாம் மேல் லயத்துப் பக்கம் போயிருந்தபோது ஒரு அம்மா எம்மை நிறுத்திக் கேட்டார்: "ஐயா, ஒருக்கா மெசின்ல போட்டா அப்புறம் ஆளு தேறாதாமே, மெய்தானா?" அவருடைய வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு சின்ன ஒப்பரேசன் செய்ய வேண்டும், வாங்க என்று திகதியும் கொடுத்திருக்கிறார்கள். திகதி போய்விட்டது, ஆள் போகவில்லை. விசாரித்துப் பார்த்தால் இந்தத் தோட்டத்தில் அப்படிப் போகாமல் இருப்பவர்கள் ஒருவர் இல்லை, மூன்று பேர். பெயர் சொல்ல மாட்டோம். அவர்களும் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார்கள் என்பது எமக்குச் சந்தோஷம். இந்தப் பேச்சு முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

நாம் வைத்தியர் அல்ல. படித்தது சாதாரண தரம் மட்டும். ஆனால் இந்த நோயை எமது வீட்டுக்குள்ளேயே பார்த்தவர்கள் நாம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எமது காக்காவின் கதை

நாம் பிறந்தது சாய்ந்தமருதில். கல்முனைக்குத் தெற்கே, காரைதீவுக்கு வடக்கே, கடலோரத்து ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல் வட்டை. எமது மூத்த காக்கா கரைவலைத் தொழில் செய்தவர். நல்ல உடற்கட்டு. அவருக்குச் சீனி வருத்தம் பதினான்கு வருஷம் இருந்தது, பிரஷரும் இருந்தது. கிளினிக்குக்கு ஒரு மாதம் போவார், இரண்டு மாதம் போக மாட்டார். வலை இழுத்து இடுப்பு நொந்தால் கடையில் நோவுக் குளிசை வாங்கிப் போடுவார். இங்கே கூடை சுமந்து முதுகு நொந்தால் நீங்கள் போடுகிறீர்களே, அதே குளிசைதான்.

2018ஆம் ஆண்டு கிளினிக்கில் வைத்தியர் சொன்னார்: "சிறுநீரகம் நல்லாக் குறைஞ்சு போயிட்டுது. இன்னும் ஒரு வருஷத்துக்குள்ள மெசின் தேவைப்படும். இப்பவே கையில ஒப்பரேசன் செய்து வைப்பம்." காக்கா என்ன சொன்னார் தெரியுமா? "நான் நல்லாத்தான் இரிக்கன் டொக்டர். நல்லா இரிக்கிற கையக் கீறி என்னத்துக்கு?" வீட்டுக்கு வந்துவிட்டார். யாரோ கொடுத்த தூள் மருந்தைச் சில மாதம் குடித்தார்.

2019இல் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குப் படுக்க முடியவில்லை, மூச்சு எடுக்க முடியவில்லை. நெஞ்சுக்குள் நீர் நிரம்பிவிட்டது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டு ஓடினோம். கை தயாராக இல்லாதபடியால் கழுத்தில் குழாய் போட்டுத்தான் மெசினில் இணைத்தார்கள். அந்தக் கழுத்துக் குழாயில் கிருமி ஏறி, நடுங்கிக் காய்ச்சல் வந்து, ஒரு மாதத்துக்கு மேல் வார்ட்டில் கிடந்தார். பிழைப்பார் என்று நாம் நினைக்கவில்லை.

ஆனால் பிழைத்தார். அதன் பிறகு ஐந்து வருஷம் வாழ்ந்தார். கடைசி மகளைக் கலியாணம் கட்டிக் கொடுத்தார். இரண்டு பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருந்தார். 2024இல் மாரடைப்பில் மௌத்தானார். அந்த ஐந்து வருஷத்தை நினைத்தால் எமக்குத் திருப்திதான். அதற்கு முன்னால் வீணாய்ப் போன அந்த ஒரு வருஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சு நோகிறது.

மெசின் என்ன செய்கிறது?

பெக்டரியில் சல்லடை இருக்கிறது அல்லவா? தூள் ஒரு பக்கம், தும்பு ஒரு பக்கம் பிரிகிறது. நமது இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கமாக, மூடிய கையளவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 150 லீற்றருக்கு மேல் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, தேவையானதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, மிச்சக் கழிவை ஒன்றரை, இரண்டு லீற்றர் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. இந்தச் சல்லடை ஓட்டை விழுந்து, அடைபட்டுப் போனால் கழிவும் நீரும் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், முகம் ஊதும், சோறு பிடிக்காது, வாந்தி வரும், உடம்பு சொறியும், மூச்சு வாங்கும்.

இதிலே மோசம் என்னவென்றால், ஆரம்பத்தில் ஒரு அடையாளமும் தெரியாது. எமது காக்கா "நல்லாத்தான் இரிக்கன்" என்று சொன்னது பொய் இல்லை. உடம்புக்கு அப்படித்தான் தெரியும். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

மெசின் சிகிச்சைக்கு டயலிசிஸ் என்று பெயர். இரத்தச் சுத்திகரிப்பு என்றும் சொல்வார்கள். அது எப்படி வேலை செய்கிறது? கருவாட்டைத் தண்ணீரில் ஊறப் போடுகிறீர்கள். கருவாட்டு உப்பு தண்ணீருக்குப் போய்விடுகிறது. தண்ணீரை மாற்ற மாற்ற இன்னும் உப்பு இறங்கும். அதே கணக்குத்தான். மெசினில் ஒரு முழங்கை நீளத்தில் வடிகட்டிக் குழல் இருக்கும். அதற்குள் மயிர் போல மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். குழாய்க்குள்ளே இரத்தம் ஓடும். வெளியே சுத்தமான மருந்துத் தண்ணீர் ஓடும். கழிவு அந்தத் தண்ணீருக்கு இறங்கிப் போகும். ஒருவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 120 லீற்றர் தண்ணீர் செலவாகிறது. அவ்வளவும் விசேடமாகச் சுத்திகரித்த தண்ணீர்.

"ரத்தத்தை எடுத்துட்டு வேற ரத்தம் ஏத்துறாங்க" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. உங்கள் இரத்தம்தான் போகிறது, உங்கள் இரத்தம்தான் திரும்பி வருகிறது. எந்த நேரத்திலும் வெளியே இருப்பது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு இரத்தம் மாத்திரம்.

இன்னொன்றும் விளங்க வேண்டும். மெசின் சிறுநீரகத்தைச் சுகமாக்குவதில்லை. சிறுநீரகத்தின் வேலையைச் செய்கிறது. ஆகவேதான் தொடர்ந்து போக வேண்டியிருக்கிறது. "மெசின்ல போட்டதால செத்தார்" என்று சொல்லப்படும் பலர், உண்மையில் மெசினுக்குப் பிந்திப் போனவர்கள். நெதர்லாந்து நாட்டில் கோல்ஃப் என்ற வைத்தியர் 1943இல் முதல் மெசினைச் செய்தபோதும் இதே கதைதான். சாகக் கிடந்தவர்களைத்தான் அவரிடம் கொண்டு வந்தார்கள். 1945இல்தான் முதல் நோயாளி பிழைத்தார். இன்றைக்கு உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் இதனால் உயிரோடு இருக்கிறார்கள்.

கை ஒப்பரேசன் எதற்கு?

மெசினுக்கு இரத்தம் வேகமாக வர வேண்டும். சாதாரண நரம்பில் அவ்வளவு வேகம் கிடையாது. ஆகவே கையில், அந்த இடத்தை மாத்திரம் மரக்கச் செய்து, நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைக்கிறார்கள். இதை ஃபிஸ்டியுலா என்பார்கள். 1966ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். இன்றுவரை இதுவே சிறந்த வழி. ஆனால் தைத்த உடனே பாவிக்க முடியாது. அந்த நாளம் பருத்துத் தடிப்பதற்கு ஆறு கிழமை முதல் மூன்று மாதம்வரை செல்லும். அதனால்தான் மெசின் தேவைப்படுவதற்கு முன்பே கையைத் தயார் செய்யச் சொல்கிறார்கள். நட்ட கன்றில் அன்றைக்கே கொழுந்து கிள்ள முடியுமா? அதுபோலத்தான்.

பெரும்பாலும் அதிகம் பாவிக்காத கையில்தான் செய்வார்கள். கொழுந்து எடுப்பவர்கள் தமது வேலையைப் பற்றி வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். செய்த பிறகு அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள், இரத்தம் எடுக்க விடாதீர்கள், பாரம் தூக்காதீர்கள், இறுக்கமான வளையல், மணிக்கூடு போடாதீர்கள், அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்காதீர்கள். காலையில் எழும்பியதும் அந்த இடத்தில் விரலை வையுங்கள். உள்ளே வண்டு இரைவது போலத் துடிப்பு தெரியும். அது நின்றுவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

அங்கே போனால் என்ன நடக்கும்?

முதலில் நிறை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள். பிறகு கட்டிலிலோ சாய்வுக் கதிரையிலோ இருத்தி, கையில் இரண்டு ஊசி போடுவார்கள். ஊசி கொஞ்சம் தடிப்புத்தான், குத்தும்போது நோகும். அதன் பிறகு நோவில்லை. நாலு மணித்தியாலம் செல்லும். கதைக்கலாம், றேடியோ கேட்கலாம், நித்திரை கொள்ளலாம். கிழமைக்கு மூன்று தடவை என்பதே நல்ல அளவு. நோயாளர் கூடி, மெசின் குறைவாக உள்ள இடங்களில் இரண்டு தடவைதான் கிடைக்கும். அப்படிக் கிடைக்கிறவர்கள் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சில நேரம் பிரஷர் இறங்கித் தலை சுற்றும், காலில் பிடிப்பு வரும். உடனே மிஸ்ஸியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுப் பேசாமல் கிடக்க வேண்டாம். முடிந்ததும் ஊசி இடத்தை இரத்தம் நிற்கும்வரை அமத்திப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு உடம்பு பிழிந்த துணி மாதிரி இருக்கும். மறுநாள் தெம்பு வரும். எமது காக்கா மெசின் நாளில் படுத்துவிடுவார். மறுநாள் கடற்கரைக்குப் போய் வாடியில் இருந்து வலை பொத்துவார்.

கழுத்துக் குழாய் போட்டிருக்கும் காலத்தில் குளிரோடு காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்க வேண்டாம். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது?

நாலு மணித்தியாலம் மெசின் பார்க்கும். மிச்ச நேரம் முழுவதும் வீட்டார் கையில்தான் இருக்கிறது.

முதலாவது, தண்ணீர். சிறுநீர் குறைந்தவர் குடிக்கும் தண்ணீர் உடம்பில்தான் நிற்கும். ஒரு லீற்றர் குடித்தால் ஒரு கிலோ ஏறும். எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியர் ஆளுக்கு ஆள் அளவு சொல்வார். எங்கள் ஊரில் தேத்தண்ணி என்கிறோம், நீங்கள் சாயத்தண்ணி என்கிறீர்கள். எந்தப் பெயர் சொன்னாலும் அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும். கஞ்சி, ரசம், சொதியும் அப்படித்தான். காலையில் ஒரு போத்தலில் அந்த நாள் அளவை ஊற்றி வைத்து, அதிலிருந்து மட்டும் எடுங்கள். சின்னக் கோப்பையில் குடியுங்கள்.

இரண்டாவது, உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பைக்கற்றில் வரும் நொறுக்குத்தீனி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். உப்பு கூடினால் தாகம் கூடும். தாகம் கூடினால் தண்ணீர் கூடும்.

மூன்றாவது, பொட்டாசியம் என்ற சத்து. நல்ல உடம்புக்கு அது நல்லது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குக் கூடினால் இதயம் சொல்லாமல் நின்றுவிடும். வாழைப்பழம், இளநீர், பலாக்கொட்டை, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் அது கூட இருக்கிறது. "உடம்பு மெலிஞ்சு போச்சு, ஒரு இளநி குடுப்போம்" என்று அன்போடு கொடுப்பதே ஆபத்தாகிவிடும். மரக்கறியையும் கிழங்கையும் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். ஐந்து மூலைக் காமரங்காயைத் தொடவே வேண்டாம். அது இந்த நோயாளரின் மூளையைத் தாக்கும் நஞ்சு. பிலிம்பிக்காய்ச் சாறும் கூடாது. அதைக் கொழுப்புக் குறையும் என்று குடித்து நல்ல சிறுநீரகத்தையே பழுதாக்கிக்கொண்டவர்கள் நமது நாட்டில் இருக்கிறார்கள்.

நாலாவது, இறைச்சி, மீன், முட்டை. மெசினுக்கு முன்பு இவற்றைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். மெசின் தொடங்கிய பிறகு சத்து வெளியே போவதால் கூட்டிச் சாப்பிடச் சொல்வார்கள். பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு மெலிந்து போகாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

விரதமும் அப்படித்தான். எமது காக்கா நோன்பு பிடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஊரில் மௌலவி ஒருவர் வீட்டுக்கு வந்து, "நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்குது காக்கா" என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார். தீர்த்தம், பானகம், கோயில் விரதம் என்று வரும்போது நீங்களும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். சாமி கோவிக்காது.

ஐந்தாவது, முறை தவறக் கூடாது. மகளின் கலியாணத்தன்று காக்கா ஒரு முறையை விட்டார். விருந்தும் சாப்பிட்டு, சர்பத்தும் குடித்தார். மறுநாள் இரவு திரும்பவும் மூச்சு முட்டல். கலியாண வீட்டுப் பந்தல் பிரிக்கும் முன்பு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கலியாணமோ, திருவிழாவோ, சாவு வீடோ, மெசின் நாள் மெசின் நாள்தான்.

பாதை மூடும் காலத்தையும் நினைத்து வையுங்கள். எங்கள் பக்கம் மாரி வெள்ளத்தில் மாவடிப்பள்ளிப் பாதை மூழ்கினால் அம்பாறைப் பக்கம் போக முடியாது. இங்கே 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து பாதைகள் மூடியதை நாம் எல்லோரும் கண்டோம். கடும் மழை என்று அறிவித்தால் முறைக்கு முந்தியே ஆஸ்பத்திரியோடு கதையுங்கள். போக முடியாமல் மாட்டிக்கொண்டால், அன்றிலிருந்தே தண்ணீரைப் பாதியாக்கி, உப்பையும் பழத்தையும் நிறுத்திவிட வேண்டும். தலைவர்மாரிடமும் எம்மிடமும் சொல்லுங்கள். முதல் வாகனத்தில் ஏற்ற வேண்டியவர் இவர் என்று நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

செலவும் வேலையும்

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்குக் காசு இல்லை. மலைநாட்டவர்களுக்குக் கண்டி தேசிய வைத்தியசாலையும் பதுளை போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. எங்கே போவது என்பதைக் கிளினிக் வைத்தியர் எழுதித் தருவார். ஆனால் பஸ் காசு, கூடப் போகிறவரின் பேர், நோயாளியின் பேர், எல்லாம் நட்டம்தான். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சிறுநீரக நோயாளருக்கு அரசாங்கம் தரும் மாதாந்தக் கொடுப்பனவு 2025இல் 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. கிளினிக் கொப்பியோடும் அடையாள அட்டையோடும் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதென்றால் எமது அறைக்கு வாருங்கள். மெசின் இல்லாத நாட்களில் இலேசான வேலை கேட்டுத் துரையோடு பேசுவதும் எமது பொறுப்பு.

சிறுநீரகம் மாற்றி வைப்பது இன்னொரு வழி. நமது நாட்டில் 1985ஆம் ஆண்டு கொழும்பில் பேராசிரியர் ஷெரிப்தீன், பேராசிரியர் றிஸ்வி ஷெரிப் ஆகியோரின் குழு முதன்முதலாக இதை வெற்றிகரமாகச் செய்தது. எல்லோருக்கும் பொருந்தாது, பொருந்துகிறவர்களுக்கு மெசினைவிட நல்ல வாழ்வு. ஆனால் ஒன்று சொல்கிறோம். "உன் கிட்னியைத் தா, இவ்வளவு இலட்சம் தருகிறேன்" என்று எவராவது லயத்துக்கு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். காசுக்கு உறுப்பு விற்பது சட்டப்படி குற்றம்.

கடைசியாக

சீனி, பிரஷர் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரத்தமும் சிறுநீரும் சோதியுங்கள். நோவுக் குளிசையைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். இது எல்லோருக்கும்.

கைக்குத் திகதி கொடுத்தும் போகாமல் இருக்கும் அந்த மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயம் எமக்குத் தெரியும். எமது காக்காவின் கண்ணிலே அதே பயத்தைப் பார்த்தோம். அன்றைக்கு "அவர் இஷ்டம்" என்று நாம் பேசாமல் இருந்துவிட்டோம். கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். அதனால் இந்த முறை பேசாமல் இருக்க மாட்டோம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் பெரட்டு முடிந்ததும் டிஸ்பென்சரிக்கு வாருங்கள். புதுத் திகதி எடுப்போம். அந்தத் திகதிக்கு நாமும் உங்களோடு பஸ்ஸில் வருவோம்.